பயாப்சி முடிவை இரண்டு நாளில் கொடுங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநில சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், உறுப்பு மாற்றுத் திட்டத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தவள் நான். அந்தச் சிறுநீரகத்துக்கு இந்த வருஷம் நேர்ந்ததை உங்களிடம் சொல்லி, ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மாற்றுச் சிறுநீரகத்தில் எடுத்த பயாப்சியின், அதாவது சிறு திசுத் துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனையின் முடிவு, நோயாளி எந்த மாவட்டத்தில் இருந்தாலும், இரண்டு நாளுக்குள் அவருடைய மருத்துவர் கைக்கு வந்து சேர வேண்டும்.

பின்னணி உங்களுக்குத் தெரியாதது இல்லை. மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் தம்பிக்கு அது 1.3-ஐ ஒட்டியே இருந்து வந்தது. திடீரென்று ஒரு மாதம் 2.1 என்று வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் வழக்கம்போலப் போனது. எங்கள் ஊர் மருத்துவமனையில் பார்த்த டாக்டர் அக்கறையானவர். அவர் மேல் இன்று வரை எனக்கு வருத்தம் கிடையாது. "உள்ள என்ன நடக்குதுன்னு திசுவை எடுத்துப் பார்த்தாத்தாம்மா தெரியும். ஆனா ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் சும்மா இருக்கவும் முடியாது" என்றார்.

இங்கேதான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது. கிரியாட்டினின் ஏறினால் சிறுநீரகம் சிரமப்படுகிறது என்று மட்டும்தான் தெரியும், எதனால் என்று தெரியாது. உடல் அதை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தே அளவு மிஞ்சி அதைப் பாதித்திருக்கலாம். அல்லது பி.கே. வைரஸாக இருக்கலாம். இந்த வைரஸ் சிறுவயதிலேயே பெரும்பாலோர் உடம்புக்குள் வந்து சத்தமில்லாமல் தங்கிவிடுவது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கும்போது தலைதூக்கும். நிராகரிப்பு என்றால் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். பி.கே. வைரஸ் என்றால் அடக்குவதைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால், காப்பாற்றக் கொடுத்த மருந்தே சிறுநீரகத்தை அழிக்கும். எது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது பயாப்சி.

அந்தத் திசு எங்கள் கையில் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வலது பக்கம் வைத்திருப்பார்கள் என்பதால் தம்பியை மல்லாக்கப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினார்கள். வெளியே வந்தது நூல் தடிமனில், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வெளிர் சிவப்புத் துண்டு. பிறகு பல மணி நேரம் அசையாமல் படுத்திருந்தான். சிறுநீரில் ரத்தம் குறைகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறை போனதையும் சின்னப் பாட்டில்களில் பிடித்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தார் நர்ஸ் தங்கச்சி. முதல் பாட்டில் இளஞ்சிவப்பு, கடைசி பாட்டில் வெறும் மஞ்சள். மாவட்டத்தில் செய்ய முடிந்தது அவ்வளவும் குறையில்லாமல் நடந்தது.

அப்புறம் என் கையில் இரண்டு குப்பிகளைக் கொடுத்தார்கள். ஒன்றில் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின். மற்றதில் வெறும் சலைன். அதிலுள்ள துண்டை உறையவைத்து ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம், ஃபார்மலின் பட்டால் அந்தச் சோதனைக்கு ஆகாதாம், குளிர்ச்சியிலேயே வைத்துச் சீக்கிரம் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோக மருத்துவமனையில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. நோயாளியின் வீட்டார்தான் எடுத்துப்போக வேண்டும், அதுதான் வழக்கம். மீன் கடையில் வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் ஐஸை நிரப்பி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். விழுப்புரம் தாண்டும்போது பெட்டி கசிந்து என் புடவை நனைந்தது. காலையில் ஆய்வகம் திறக்கும் வரை வாசலில் நின்றேன். உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: இரண்டாவது குப்பியில் இருந்தது கெட்டுவிட்டது. முதல் குப்பியில் வடிமுடிச்சுகள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள், ஆறுதான் இருக்கின்றன. நம்பிச் சொல்ல 10 வேண்டும், இரண்டு தமனியாவது வேண்டும். திரும்ப எடுங்கள்.

பிறகு அங்கே இருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, மிச்செல் கரைசல் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் போட்டு அனுப்பினால் ஐஸே வேண்டாம், சாதாரண வெப்பத்திலேயே திசு சில நாட்கள் தாங்கும். எங்கள் மருத்துவமனையில் அது ஒரு குப்பிகூட இல்லை. ஏன் இல்லை? யார் வாங்கி வைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

இதற்கிடையே ஊரில், நிராகரிப்பாகத்தான் இருக்கும் என்ற கணிப்பில் தம்பிக்கு ஸ்டீராய்டை அதிக அளவில் ஏற்றியிருந்தார்கள். கையில் ஆதாரம் இல்லாத ஒரு டாக்டர் எடுக்கக்கூடிய நியாயமான முடிவு அது. ஆனால் கிரியாட்டினின் இறங்கவில்லை, ஏறியது. கடைசியில் அவனைச் சென்னைக்கே அழைத்துப்போய் இரண்டாவது முறை பயாப்சி எடுத்தோம். நோயியல் மருத்துவர் என்னை உட்காரவைத்துத் திரையில் காட்டினார். சிறுநீர் நுண்குழல்களின் செல்களில் உட்கரு வீங்கி, கண்ணாடி போல மங்கிக் கிடந்தது. எஸ்.வி.40 என்ற சாயம் போட்ட ஸ்லைடில் அதே உட்கருக்கள் பழுப்பாகத் தெரிந்தன. பி.கே. வைரஸ். நாங்கள் அதற்கு நேர் எதிரான மருந்தைக் கொடுத்திருந்தோம்.

அப்புறம் இன்னொரு ஸ்லைடு. அதில் தழும்பு நீலமாகத் தெரியும் என்றார். அங்கங்கே நீலம் படர்ந்திருந்தது. சிறுநீரகம் ஆறும் விதத்தை அன்றுதான் புரிந்துகொண்டேன். அறுவையின்போது ரத்த ஓட்டம் நின்று திரும்ப வருவதால் நுண்குழல் செல்கள் சில செத்துப்போகும். ஆனால் பிழைத்த செல்கள் பெருகி அந்த இடத்தை மூடிக்கொள்ளும், அது நல்லபடியாக ஆறுவது. அழற்சி அடங்காமல் நீடித்தால் கதை வேறு. செல்லுக்குப் பதில் நார்த்திசு வந்து நிறைகிறது, நுண்குழல் சுருங்கிப்போகிறது, அந்தப் பகுதி இனி வேலை செய்யாது. தழும்பான இடத்தை மீட்க இன்று மருந்து இல்லை. கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே உள்ளே இந்த வேலை தொடங்கியிருக்கும் என்பதால், ஏறிய பிறகு போகும் ஒவ்வொரு வாரமும் திரும்பாது. என் தம்பி இப்போது டயாலிசிஸ் இல்லாமல்தான் இருக்கிறான். ஆனால் கிரியாட்டினின் பழைய இடத்துக்கு வரவில்லை, வராது என்று சொல்லிவிட்டார்கள்.

திசுவைப் பார்க்காமல் வைத்தியம் செய்யக் கூடாது என்பது நேற்று வந்த யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது கிளாஸ்கோவில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டினார்கள். தாமஸ் கிப்சன், பீட்டர் மெடவார் என்ற இருவர் அந்தத் துண்டுகளை அவ்வப்போது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே வந்தார்கள். முதலில் ஒட்டிய தோல் பிடித்ததுபோல் இருந்து பிறகு அழிந்தது. அதே சகோதரனின் தோலை இரண்டாவது முறை ஒட்டியபோது இன்னும் வேகமாக அழிந்தது. முதல் தோலை உடம்பு அடையாளம் கண்டு நினைவில் வைத்திருந்தது என்று கண்டுபிடித்து 1943-ல் எழுதினார்கள். மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு. 1991-ல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய நிபுணர்கள் மாற்றுச் சிறுநீரகப் பயாப்சியை எப்படிப் படிக்க வேண்டும் என்று பொது அளவுகோலே வகுத்துவிட்டார்கள். ஆறு வடிமுடிச்சு போதாது என்று என்னிடம் சொன்னதும் அந்த அளவுகோலின்படிதான். அறிவு இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள். திசுவும் நிபுணரும் சந்திக்க ஒரு பாதை மட்டும் இல்லை.

நம் மாநிலம் இந்தத் துறையில் பின்தங்கியது அல்ல. 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 2008-ல் மூளைச்சாவு அடைந்த ஒரு பள்ளி மாணவனின் இதயத்தைப் போலீஸார் சென்னைச் சாலைகளை ஒதுக்கிக் கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், ஊரே கண்கலங்கியது. உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்தார்கள், அதை நான் மனதார வணங்குகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் என் தம்பிக்கு அறுவையே நடந்திருக்காது. இவ்வளவு செய்த அரசு, கொடுத்த உறுப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் இடத்தில் ஏன் கைவிடுகிறது? உறுப்பைக் கொண்டுபோக ஒரு நகரமே வழிவிடும்போது, அந்த உறுப்பின் துண்டைக் கொண்டுபோக ஓர் ஆள்கூட இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அறுவை நடந்த அன்று எல்லோரும் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு நாங்கள் தனியாகத்தான் இருக்கிறோம். எனக்குப் போட்ட தையல் சீக்கிரம் ஆறிவிட்டது. தம்பியின் தையல் ஓரத்தில் வெகுநாள் நீர் கசிந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் சில புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும், சைரோலிமஸ் என்ற மருந்தைக் காயம் ஆறிய பிறகே தொடங்குவதும் அதனால்தான் என்று எங்களுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கக் காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதையும், தவறாகக் கொடுத்துவிட்டு வந்த பிறகே தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. வார்டில் நான் பார்த்த வரையில் கொடுத்தவர்கள் அம்மாக்கள், மனைவிகள், அக்கா தங்கைகள். இந்த நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே. நாங்கள் இன்னொன்று கொடுக்க முடியாது. கொடுத்த ஒன்றை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பெரிய ஆய்வகம் அல்ல. பயாப்சி எடுக்கும் அரசு மருத்துவமனைகளில் மிச்செல் கரைசல் எப்போதும் இருப்பு இருக்கட்டும். எடுத்த துண்டு போதுமானதா என்று அங்கேயே ஒரு நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். போதாவிட்டால் நோயாளி மேசையை விட்டு எழும் முன்பே இன்னொன்று எடுத்துவிடலாம். ரத்த வங்கிக்கும் மருந்துக் கிடங்குக்கும் வண்டி ஓடுகிறது, அந்த வண்டியிலேயே திசு மண்டல மையத்துக்குப் போகட்டும். மையத்தில் ஸ்லைடை ஸ்கேன் செய்தால் அனுபவமுள்ள நிபுணர் எங்கிருந்தாலும் திரையில் படித்து எழுதிவிடுவார். பி.கே. வைரஸுக்கான பி.சி.ஆர். ரத்தப் பரிசோதனையும், டாக்ரோலிமஸ் அளவும், பயாப்சியும் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சையின் பகுதியாக எந்தக் கேள்வியும் இல்லாமல் காப்பீட்டில் கிடைக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தால்தான் நான் முதலில் கேட்டது நடக்கும்: இரண்டு நாளில் முடிவு.

இன்னொன்றும் உண்டு. எங்கள் திசுத் துண்டுகளை நோயாளியின் சம்மதத்தோடு ஒழுங்காகச் சேமித்து, முடிவுகளை ஒரே பதிவேட்டில் வையுங்கள். யாருக்கு எப்போது தழும்பு தொடங்கியது, எந்த மருந்தில் ஆறியது என்று நம் ஊர் மருத்துவர்களே ஆராயட்டும். என் தம்பியின் ஸ்லைடு ஓர் ஆய்வகத்தில், ரிப்போர்ட் என் பீரோவில், ரத்த முடிவுகள் இன்னோர் ஊரில் கிடக்கின்றன. இப்படிச் சிதறிக் கிடந்தால் ஒருவருக்கு நேர்ந்ததிலிருந்து அடுத்தவருக்கு எதுவும் கிடைக்காது.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதுரையையோ கோவையையோ மையமாக வைத்து ஒரு மண்டலத்தில் தொடங்கினால்கூடச் சரி. எந்தத் தேதியில் தொடங்குவீர்கள், அதற்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த ஓர் அக்கா