டைட்ஸைத் திருப்பிப் பார்க்க விடுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் குழந்தைத் துணி விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன தீபாவளிக்கு என் மகளுக்கு ஐந்து மாதம். லெபோ பாசார் பக்கம் ஒரு கடையில் சிவப்புக் கவுனும், இடுப்பிலிருந்து பாதம் வரை மூடும் வெள்ளை டைட்ஸும் எடுத்தேன். உள்ளே பார்க்கிறேன் என்று கேட்டேன். பாக்கெட்டைப் பிரித்தால் மற்றவர்கள் வாங்க மாட்டார்கள் என்றார்கள். சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தீபாவளியன்று மத்தியானம் பிள்ளை விடாமல் அழுதாள். பால் கொடுத்தும் நிற்கவில்லை, தொட்டிலில் போட்டு ஆட்டியும் நிற்கவில்லை. அம்மாதான் டைட்ஸைக் கழற்றிப் பார்த்தார். இடது காலில் இரண்டாவது விரல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. அதன் அடியில் கோடு கிழித்தது போல ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் வெள்ளை நூல். நகத்தால் பிடித்து எடுக்கவும் முடியவில்லை. கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் அந்த நூலை வெட்டி எடுத்தபோது என் கைதான் அதிகம் நடுங்கியது.

சில டைட்ஸில் விரல் நுனித் தையலின் உள்பக்கத்தில் வெட்டாமல் விட்ட நூல் முனைகள் தொங்கும். குழந்தை உதைக்க உதைக்க அது விரலில் சுற்றி இறுகும், ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நூல் மட்டுமல்ல, தலைமுடியும் இதைச் செய்யும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் நமக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும் இல்லையா, அது துவைக்கும்போது டைட்ஸுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் இப்போது ஒவ்வொரு தடவையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விரல் நுனியைத் தடவிப் பார்த்த பிறகுதான் மாட்டிவிடுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அளவிலும் ஒரு ஜோடியைப் பிரித்து வையுங்கள். நாங்கள் திருப்பிப் பார்க்கிறோம், இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்க்கிறோம். இரண்டு விரல் தாராளமாக நுழையாத பட்டி, பால் குடித்த வயிற்றில் சிவப்புத் தடம் போட்டுவிடும். கொள்முதல் செய்யும்போது நீங்களும் நாலைந்தைத் திருப்பிப் பாருங்கள். நூல் தொங்கும் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம், '6 மாதம்' என்று மட்டும் போட்டிருந்தால் எங்களுக்கு எதுவும் புரிவதில்லை. ஒரே வயதில் ஒரு பிள்ளை 62 செண்டிமீட்டர் இருக்கும், இன்னொன்று 70 இருக்கும். உயரத்தைக் குறித்த சரக்கைக் கேட்டு வாங்குங்கள். நீளம் பற்றாத டைட்ஸ் விரல்களை மடக்கி அழுத்தும், டயப்பரையும் கீழே இழுக்கும்.

துணி விஷயத்தில் உங்களுக்கே தெரியும். இங்கே மத்தியானம் 31, 32 டிகிரி, போதாததற்குப் புழுக்கம். நைலான் டைட்ஸ் போட்டால் தொடை மடிப்பில் வேர்க்குரு வந்துவிடும். பெரும்பாலும் பருத்தி, இழுபடுவதற்குக் கொஞ்சம் எலாஸ்டேன் நூல் கலந்தது போதும். அதுகூட ஏர்கோன் குளிருக்கும் கேமரன் மலைப் பயணத்துக்கும்தான். கோயில் கூட்டத்துக்குப் பிள்ளையை வெறுங்காலோடு தூக்கிப் போகலாம் என்று நீங்கள் சொன்னால், இளம் தாய்மார்கள் கேட்பார்கள். ஒரு ஜோடி விற்பனை குறையும்தான். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் உங்களிடம்தான் வருவார்கள்.

துவைக்கும் முறையையும் பில் போடும்போதே சொல்லிவிடுங்கள். திருப்பிப் போட்டு, வலைப்பையில் வைத்து, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். டோபி கடை டிரையர் சூட்டில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

இந்தத் தீபாவளிக்கு மகளோடு மறுபடியும் வருவேன். மேசையில் பிரித்து வைத்த ஒரு ஜோடி இருந்தால் அந்தக் கடையில் வாங்குவேன்.

அன்புடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தாய்