டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள்: மெடிக்கல் ஷாப் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தெருமுனையில், பஸ் ஸ்டாண்டு எதிரில், ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ராத்திரி பத்தரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கின பிறகும் "என்னம்மா, குழந்தைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டு மறுபடி விளக்கைப் போடுகிறவர்கள் நீங்கள். அந்த நன்றி மனதில் இருக்கிறது. அதனால்தான் ஒளிக்காமல் பேச முடிகிறது.

என் மகனுக்கு ஒன்றரை வயதில் சளி பிடித்தது. மூக்கு ஒழுகல், லேசாகக் காய்ச்சல், சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் போனால் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்று நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பவுடராக வருகிற ஆன்டிபயாட்டிக் சிரப்பை எடுத்துக் கொடுத்தார். கோடு வரைக்கும் ஆறவைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, காலையும் ராத்திரியும் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் சளி குறைந்தது. வைரஸால் வருகிற சளி, சிரப் கொடுக்காமலே குறைந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூடவே பேதி ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, பின்பக்கமெல்லாம் சிவந்து, கழுவத் தண்ணீர் பட்டாலே அலறினான். அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் மூன்று முறை அதே சிரப்பை வாங்கினேன். தப்பில் பாதி என்னுடையது.

ஆன்டிபயாட்டிக் என்றதும் "கிருமி மருந்துக்குப் பழகிவிடும்" என்ற பேச்சு வரும். அது உண்மை, என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது, அந்த சிரப் நோய்க்கிருமியோடு சேர்த்து அழிக்கிற, வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கிற பாக்டீரியாக்களைப் பற்றி.

ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும் என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் கணக்குப் போட்டார்கள். நம் சொந்த செல்கள் 30 லட்சம் கோடிதான். அத்தனை பாக்டீரியாவையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோ தேறாது. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் அடுக்குதான், அதற்கு அந்தப் பக்கம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஏராளமாக நிற்கின்றன. எதை அடிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அந்தச் செல்கள் பெரிய அளவில் பழகுவது இந்தச் சுவரோரத்தில்.

கிருமியே நுழையாத கூண்டில், கிருமி நீக்கிய தீவனம் போட்டு எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கிருமியும் அண்டாததால் திடமாக இருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் அவற்றின் குடலோரத்தில் எதிர்ப்புச் செல்கள் கூடுகிற நிணநீர்த் திட்டுகள் சிறுத்துக் கிடந்தன, குடலைக் காக்கிற ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் மிகக் குறைவாக இருந்தது. ஜப்பானில் கென்யா ஹோண்டாவின் குழு 2011-இல் இன்னொன்றைக் காட்டியது. க்ளோஸ்ட்ரிடியா இனத்துப் பாக்டீரியாக்கள் சிலவற்றைக் கொடுத்ததும் எலிக்குடலில் டி-ரெக் செல்கள் பெருகின. எதிர்ப்புசக்தி வரம்பு மீறி நம் உடம்பையே தாக்காமல் அடக்கி வைக்கிற செல்கள் அவை. கீரைத்தண்டிலும் கேழ்வரகிலும் நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை, மாவு புளிப்பது போல இந்தப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் டி-ரெக் செல்களை வளரத் தூண்டுகிறது என்று 2013-இல் வெவ்வேறு குழுக்கள் கண்டன.

அப்புறம் தாய்ப்பால். அதில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன, லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகம் இருப்பது அவைதான். பிள்ளையின் குடலில் இருக்கிற பிஃபிடோபாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. தாய் தன் பிள்ளைக்கு ஊட்டும்போதே அதற்கும் சேர்த்து ஊட்டுகிறாள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பால் கொடுத்து வளர்த்ததை நானே காசு கொடுத்துக் கலைத்திருக்கிறேன்.

இது எலியோடு நின்றுபோன கதை என்று நினைக்காதீர்கள். ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு வாரம், நல்ல பாக்டீரியா ஒன்றையும் அதற்கு உணவாகும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடுக்காத குழந்தைகளில் ரத்தத்தில் கிருமித் தொற்றோ மரணமோ 9 சதவீதம், கொடுத்த குழந்தைகளில் 5.4. மூச்சுக்குழாய்த் தொற்றும் குறைந்தது.

தடுப்பூசி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 5 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஃப்ளூ ஊசி போட்டார்கள். குடல் பாக்டீரியா பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியும், ஏற்கெனவே ஃப்ளூவை நன்றாக எதிர்கொண்டு பழகியிருந்த உடம்புகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பழக்கம் குறைவாக இருந்தவர்களிடம்தான் எதிர்ப்பு பலவீனப்பட்டது. 2019-இல் வந்த ஆய்வு இது. நம் வேலூரிலும் குழந்தைகளுக்கு அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலைச் சுத்தப்படுத்தினால் போலியோ சொட்டு மருந்து கூடுதலாக வேலை செய்யுமா என்று பார்த்தார்கள். அதைக் கொடுத்த குழந்தைகள், கொடுக்காத குழந்தைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலன் தெரிந்தது, வித்தியாசமே இல்லை. எல்லாப் பாக்டீரியாவையும் கழுவி விட்டால் நல்லது என்ற கணக்கு அங்கேயும் பலிக்கவில்லை.

"சரிம்மா, கூடவே நல்ல பாக்டீரியா இருக்கிற புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் கொடுக்கிறேனே" என்பீர்கள். பேதியை அது சிலருக்குக் குறைக்கும். ஆனால் 2018-இல் அதே வைஸ்மன் நிறுவனம் பார்த்ததில், ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகு புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களின் சொந்தப் பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது, சும்மா விட்டவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் திரும்பியது. புதிதாக வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டன.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். டாக்டர் ஃபீஸும் ஒரு நாள் கூலியும் போகிற ஆளிடம் சீட்டு எங்கே என்று கேட்க வாய் வராது. நிமோனியாவுக்கும் ரத்தத்தில் கிருமி ஏறினதுக்கும் டாக்டர் எழுதின ஆன்டிபயாட்டிக் உயிரைக் காக்கிற மருந்து, அதைக் கொடுங்கள், டாக்டர் எழுதின அத்தனை நாளும் சாப்பிடச் சொல்லுங்கள். நான் கேட்பது சீட்டில்லாமல் போகிற சிரப்பையும் அஞ்சு மாத்திரையையும் பற்றித்தான். கத்தரியால் பட்டையை வெட்டிக் காகிதக் கவரில் போட்டு, காலை ராத்திரி என்று இரண்டு கோடு கிழித்துத் தருகிறீர்களே, அந்த வெட்டில் சில சமயம் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கப் பட்டையில் போட்டிருக்கிற சிவப்புக் கோடே போய்விடுகிறது. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் 2014 மார்ச்சிலிருந்து, சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் எழுதி மூன்று வருஷம் வைக்க வேண்டிய அந்தப் பதிவேட்டை நிஜமாகவே எழுதுங்கள். பேதி என்று வருகிற பிள்ளைக்கு முதலில் ஓஆர்எஸ் பாக்கெட்டையும் துத்தநாக மருந்தையும் எடுத்துக் கொடுங்கள்.

இப்போது அவனுக்கு ஏழு வயது. போன மாதம் சளியும் காய்ச்சலும் வந்தது, பழக்கதோஷத்தில் கடைக்குத்தான் போனேன். வேறு கடை. எத்தனை நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறதா, காது வலிக்கிறதா, தண்ணீர் குடிக்கிறானா என்று கேட்டார். எடையைக் கேட்டு அதற்கேற்ற பாரசிட்டமால் மட்டும் கொடுத்து, மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண், நான் நகர்ந்ததும், "அப்போ இவளுக்கும் அந்த சிரப் வேணாமாண்ணே?" என்று அவரிடம் கேட்டாள்.