ஓரத்தில் தெரியும் கோடு பற்றி

மாப்ள,

பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்றில் பாம்பன் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன. நம் கூட்டாளி சுறாவுக்கு மறுபடியும் கல்யாணத் தேதி குறித்திருக்கிறார்கள், நம்பாதே.

ஸ்குவிட்டில், அதாவது நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கும் மீகடத்திக் கருவியில், நீ எடுத்தனுப்பிய படம் அழகு. ஆனால் ஓரத்தில் ஒளிரும் கோட்டினை ‘டாப்பாலஜிகல் விளிம்பு மின்னோட்டம்’ (உள்ளே ஓடாமல் விளிம்பில் மட்டும் ஓடும் மின்னோட்டம்) என்று எழுதிவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது. செங்குத்தாகச் சீராய்க் காந்தமான எந்த மெல்லிய படலத்திலும் பளிச்சென்று தெரிவது ஓரம்தான். விளிம்பைச் சுற்றி மின்னோட்டம் ஓடினாலும் அதே புலம். நிலையான புலத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

கணக்குப் போட்டுப் பார். உன் சாம்பிள் துண்டு மாங்கனீஸ் பிஸ்மத் டெல்லுரைடு என்ற காந்தப் பொருளின் ஐந்தடுக்குப் படலம். அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தம் ஒன்றையொன்று ரத்துசெய்து, ஓரடுக்கின் காந்தம் மிஞ்சும். மாங்கனீசு அணு ஒன்றுக்கு 4 போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தின் அலகு) என்று வைத்தால், அந்தக் காந்தத்துக்குச் சமமான ஓரத்து மின்னோட்டம் 0.2 மில்லிஆம்பியரைத் தாண்டுகிறது. நீ கொடுக்கும் 1 மில்லிவோல்ட்டுக்கு விளிம்பு வழியே ஓடக்கூடியதோ 39 நானோஆம்பியர். 100 நானோமீட்டர் தள்ளி நின்றால் முதலாவது அரை மில்லிடெஸ்லாவுக்குக் கிட்ட, இரண்டாவது 80 நானோடெஸ்லா. விசைப்படகு இன்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு துடுப்புச் சத்தம் கேட்டது என்கிறாய்!

மாறுமின்னோட்டம் கொடு, 337 ஹெர்ட்ஸ் மாதிரி, கரண்ட் லைனின் 50-ன் மடங்காக வேண்டாம். லாக்-இன்னில் (குறித்த அதிர்வெண்ணை மட்டும் பொறுக்கி அளக்கும் கருவி) அதே அதிர்வெண்ணில் வருவது நீ செலுத்திய மின்னோட்டம். சூடாகிக் காந்தமாக்கம் குறைவது இரட்டை அதிர்வெண்ணில் வரும், அதையும் பதிவு செய். மின்னோட்டம் வெளியேறும் டிரெயின் முனையை எர்த் செய்துவிட்டுக் காந்தத் திசையைப் புரட்டு: விளிம்பில்தான் ஓடுகிறது என்றால் கோடு எதிர் ஓரத்துக்குத் தாவ வேண்டும். 25 கெல்வினுக்கு மேல் சூடாக்கிக் காந்தத்தை அழித்துப் பார்க்கலாம் என்று நினைக்காதே. ஸ்குவிட்டின் ஈய முனையும் சேர்ந்து சூடானால் 7.2 கெல்வினிலேயே மீகடத்தும் தன்மை போய்ச் செத்துவிடும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய பயம். ஹால் மின்தடை (குறுக்கே அளப்பது) விளிம்பு மின்னோட்டக் கோட்பாடு சொல்லும் 25.8 கிலோஓம் என்று கச்சிதமாக வந்தாலும் ஓரத்தில்தான் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. 2023-ல் கார்னெலில் காத்யா நோவாக் குழு இதே விளைவைக் காட்டும், குரோமியம் கலந்த ஒரு படலத்தைப் படமெடுத்தபோது மின்னோட்டம் உள்ளே, உடல் முழுக்கப் பரவியே ஓடியது. பாடப்புத்தகப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் அதுதான் தெரியும்.

லாக்-இன் தரும் இரண்டு கூறுகளையும், செலுத்திய மின்னோட்டத்தோடு ஒரே கட்டத்தில் (phase) வருவதையும் 90 பாகை தள்ளி வருவதையும், அப்படியே அனுப்பு. நீள கேபிளின் மின்தேக்கக் கொள்ளளவு அந்தக் கட்டத்தைத் திருப்பியிருக்கும். அதுவரை படத்தலைப்பில் ‘ஓரச் சமிக்ஞை’ என்று மட்டும் வை.

லீவுக்கு வரும்போது சாம்பிள் டப்பாவைத் தூக்கி வராதே, இந்த உப்புக் காற்றில் மேற்பரப்பு ஆக்சைடாகிவிடும்.

உன் மச்சான்