வெங்காயம் உரிச்சுக் கொடுத்த பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். என் வைஃப் நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டா. வாக்கர புடிச்சுக்கிட்டு லிஃப்ட்லேர்ந்து வாசல் வரைக்கும் தானே நடந்து வந்தா, வந்ததும் மொத வேலையா கிச்சன எட்டிப் பாத்து "இதெல்லாம் யாரு வீட்டு டப்பா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல.

என்ன ஏதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும், தினம் மெசேஜ் போட்டு விசாரிச்சுக்கிட்டே இருந்தீங்க, அதனால மறுபடி அதையே எழுதப் போறதில்ல, தெம்பும் இல்ல. 26 நாள். அவ்வளவுதான்.

ஒருத்தங்களப் பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், பொறுத்துக்குங்க. எங்க பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி. நாங்க சிங்கப்பூர்ல இந்த உட்லண்ட்ஸ் பக்கம் வந்து 9 வருஷம் ஆச்சு, இத்தன வருஷத்துல எங்களுக்குள்ள நடந்த பேச்சு மொத்தமும் பூந்தொட்டி பத்திதான். காரிடார்ல 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் எதையும் வைக்கணும்ங்கறது ரூல், எங்க கறிவேப்பிலத் தொட்டி கொஞ்சம் வெளிய தள்ளி இருந்துச்சு, ஆண்ட்டி ஒருநாள் மெஷரிங் டேப்போட வந்து நின்னாங்க. அளந்து பாத்தா அவங்க சொன்னதுதான் சரி, அது வேற விஷயம். நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன். அதுலேர்ந்து லிஃப்ட்ல பாத்தாலும் ரெண்டு பேரும் மாடி நம்பர் மாறறதையே பாத்துக்கிட்டு நிப்போம்.

மொத வாரம் ஒருநாள் ஒரு ஃப்ளாஸ்க் நெறைய மீன் கஞ்சி கொண்டாந்தாங்க. எங்கம்மா சுத்த சைவம், கறி மீன் பொழங்குற சட்டில வெந்த சோத்தக்கூட தொட மாட்டாங்க, இத எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு நிக்க, அம்மாவே வெளிய வந்து மலாய்ல சொல்லிட்டாங்க. அம்மா செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவங்க, வெள்ளக்காரன் 1971ல கெளம்பற வரைக்கும் அங்கதான், இங்கிலீஷ் வராது ஆனா பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், தண்ணி பட்ட பாடு. ஆண்ட்டிக்கும் அப்படியே. ஒரு செவுத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 9 வருஷம் இருந்திருக்காங்க, பேசிக்க ஒரு பாஷ இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆண்ட்டி ஃப்ளாஸ்க்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. போச்சு, மனசு கோணியிருக்கும், இனி இந்தப் பக்கமே வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.

மறுநாள் ராத்திரி ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன், லிஃப்ட் தொறந்ததும் சாம்பார் வாசன. ஏழாவது மாடி காரிடார்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன். எங்க வீட்டுலேர்ந்துதான் வருது. உள்ள போய் கேட்டா அம்மா ஒரு செவப்பு பிளாஸ்டிக் பையக் காட்டறாங்க, சாயங்காலம் கேட்ல தொங்குச்சாம். உரிச்ச சின்ன வெங்காயம். அம்பது அறுவது இருந்திருக்கும், மிச்சம் கொஞ்சம் பையில இருந்துச்சு, வாலக் கிள்ளி, கழுவி, டிஷ்யூல ஈரத்த ஒத்தி எடுத்தது. கூட பூண்டு, சீவின கேரட், ஒரே அளவா நறுக்கின பீன்ஸ். எதுவும் சமைக்கல, அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி என்னென்ன வேல உண்டோ அது மட்டும். அம்மாவுக்கு விரல் மடங்காது, வெங்காயம் உரிக்க உக்காந்தாலே ஒரு மணி நேரம், அதனால அந்த வாரம் பூரா பெரும்பாலும் ரொட்டிதான், சின்னவன் பிஸ்கட்டத் தின்னுட்டு நான் வர்ற வரைக்கும் முழிச்சுக்கிட்டு இருப்பான்.

அடுத்த நாளும் பை வந்துச்சு. அதுக்கடுத்த நாளும். மணி அடிக்க மாட்டாங்களாம், கேட்ல மாட்டிட்டு "பாவாங், சுடா குப்பாஸ்!"னு ஒரு சத்தம், மலாய்ல வெங்காயம் உரிச்சாச்சுன்னு அர்த்தம், அம்மா எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆளு உள்ள போயிருப்பாங்க.

ஒரு சனிக்கெழம காசு கொடுக்கப் போனேன். வாங்கல, நல்லாத் திட்டினாங்க. கதவு தொறந்திருந்ததால அவங்க கிச்சன் தெரிஞ்சுச்சு. சிங்க்குக்கு மேல தனியா ஒரு ஊக்குல சின்னதா பச்ச கலர் கட்டிங் போர்டு, பக்கத்துல சின்னக் கத்தி. போர்டு மூலையில வெல ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் பாக்கறதப் பாத்துட்டு "தட் ஒன் யுவர் மதர் ஒன். நோ மீட், நோ ஃபிஷ்"னாங்க. நாங்க யாரும் கேக்கவே இல்லயே. வீட்டுல இவங்களுக்கு நான் வச்ச பேரு "மெஷரிங் டேப்". அத இங்க ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

அம்மாகிட்ட போர்டு விஷயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "கறிவேப்பில ஒடிச்சுக் கொண்டா"ன்னாங்க. அவங்களுக்கு எதுக்கும்மான்னா, "வெறும் பையாவாடா திருப்பித் தர்றது?"

2011ல ஒரு வீட்டுக் கொழம்பு வாசன பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் புடிக்காம பெரிய பேச்சாகி, ஆகஸ்ட் 21 ஞாயித்துக்கெழம எல்லாரும் கொழம்பு சமைச்சு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம்னு கெளம்புனாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப அங் மோ கியோல இருந்தோம், நானும் ஒரு சட்டி வச்சேன், போட்டோ எடுத்துப் போட்டு லைக்கும் வாங்கினேன். சட்டி மட்டும் வீட்ட விட்டு வெளிய போகல. கூச்சம். இப்ப நெனச்சா சிரிப்பா வருது.

மத்தவங்க எல்லாரும் கோச்சுக்காதீங்க, யாரையும் மறக்கல. சின்னவன தன் பேரனோட ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போன அஞ்சாம் மாடி மக்சிக் (மலாய் ஆண்ட்டி), வாரத்துக்கு ரெண்டு தடவ இட்லி மாவு கொடுத்துவிட்ட கேரளா சேச்சி, மிக்ஸி ஜார் இரவல் கொடுத்தவங்க (எங்க ஜார் அந்த வாரம் பாத்துத்தான் ஒடையணுமா), தேக்கா மார்க்கெட்டுக்குப் போனப்பல்லாம் எங்களுக்கும் சேத்து காய் வாங்கினவங்க, தன் அப்பா உபயோகிச்ச ஷவர் சேர நல்லா தேச்சுக் கழுவிக் கொண்டாந்து கொடுத்துட்டு ஒரு வார்த்த பேசாமப் போன ஆபீஸ் நண்பன், உங்க எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

ஒரு டப்பாவும் வெறுமன திரும்பாது, இது சத்தியம். என் வைஃப் எந்திரிச்சு நின்னு முறுக்கு புழியற வரைக்கும் நாந்தான் செய்யணும், அதனால ருசி பத்தி பெருசா எதிர்பாக்காதீங்க. மக்சிக்குக்கு எங்க அடுப்புல செஞ்சது ஆகாது, ஹலால் முத்திர போட்ட பிஸ்கட் டின்னும் பழமும் வாங்கி வச்சிருக்கேன். ஆண்ட்டிக்கு இத படிக்கத் தெரியாது, அதனால தொட்டிய நேத்து ராத்திரியே உள்ள தள்ளி வச்சுட்டேன். டேப் வச்சு அளந்துட்டேன், 1.2க்கு மேலயே இருக்கு.

இப்ப டப்பா விஷயம். நீல மூடி போட்ட சதுர டப்பா ரெண்டு, மூடி இல்லாத கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணு, அடியில நெயில் பாலிஷ்ல புள்ளி வச்ச எவர்சில்வர் தூக்கு ஒண்ணு, யாரோடதுன்னு மெசேஜ் பண்ணுங்க. தூக்கு மேல அம்மாவுக்கு ஒரு கண்ணு, சீக்கிரம் கேட்டுடுங்க.