முன்வரிசை நாற்காலி யாருக்கு?

மதிப்பிற்குரிய தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பொங்கல் விழா வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருமுறை மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன்.

என் மகளின் வகுப்புத் தோழன், பதினொரு வயதுக் கறுப்பினச் சிறுவன், கையில் டிக்கெட்டோடு வரவேற்பு மேசை முன் நின்றான். மகள் நடனத்துக்காக ஒப்பனை அறைக்கு ஓடிவிட்டாள். "யாருடன் வந்தாய்?" என்று அவனிடம் மூன்று முறை கேட்டார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் ஒரு கேள்வியும் இல்லை. பன்னீர், சந்தனம், கல்கண்டு, முன்வரிசை நாற்காலி. நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அந்த டிக்கெட் அவன் விரல்களுக்குள் நனைந்து சுருண்டிருந்தது. "வணக்கம்" என்று வழியெல்லாம் சொல்லிப் பழகியவன், கடைசிவரை அதைச் சொல்லவேயில்லை.

அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் சங்கத்தின் பெயரில் எழுத்துப்பூர்வமாக வருத்தம் தெரிவியுங்கள். "தவறான புரிதல்" என்ற உங்கள் பதில் போதாது. தவறாகப் புரிந்துகொள்ள அங்கே என்ன இருந்தது?

2025 ஜனவரி 20 அன்று, தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இனி இங்கே அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று அதிபர் ஆணையிட்டார். அன்றிரவு நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சட்ட வல்லுநர்கள்! "அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் இருக்கிறது, இங்கே பிறந்தால் குடியுரிமை உண்டு, பயப்படாதீர்கள்" என்று ஆளாளுக்குத் தேறுதல் சொன்னோம். அது யாருக்காக வந்த திருத்தம்? கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிமை முறை ஒழிந்தபின், 1868இல், அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறிய எழுதிய வரி அது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சீனரான வோங் கிம் ஆர்க் அதைப் பற்றிக்கொண்டுதான் 1898இல் தன் குடியுரிமை வழக்கில் வென்றார். நம் பிள்ளைகளின் நீல பாஸ்போர்ட்டும் அங்கிருந்து வந்ததுதான். தானும் வெள்ளையரே என்று வாதாடிக் குடியுரிமை கேட்ட இந்தியரான பகத் சிங் திண்டுக்கு 1923இல் அதே நீதிமன்றம் கதவைச் சாத்தியது. முன்வரிசை நாற்காலியை நமக்கு யாரும் போட்டுவைத்திருக்கவில்லை.

புதிதாக வருவோருக்கான உங்கள் கையேட்டில் "தவிர்க்க வேண்டிய பகுதிகள்" என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதை எதை வைத்துப் போட்டீர்கள்? ஊர், சேரி என்று பிரித்துப் பார்த்த கண்ணையும் ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்துப் பெட்டியில் கட்டிக்கொண்டுதானே வந்திருக்கிறோம்? மன்னியுங்கள், பேச்சு எங்கோ போகிறது. கையேட்டைப் பற்றிப் பொதுக்குழுவில் பேசுகிறேன்.

இப்போதைக்கு அந்த ஒரு கடிதம். சித்திரைத் திருநாளுக்கு முன் எழுதிக் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். தபால் செலவு வேண்டாம். அவன் வீடு எங்கள் தெருவில்தான் இருக்கிறது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய உறுப்பினன்