வை ஆற்றுக்கு ஆகஸ்டில் வர வேண்டாம்: தூண்டில் போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்துகொண்டு, கோடை விடுமுறைக்கு வை ஆற்றங்கரையில் வீடு பிடித்துத் தங்கி மீன்பிடிக்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

அடுத்த ஆகஸ்டுக்கு வீடு தேட ஆரம்பித்திருப்பீர்கள். மூன்று குடும்பம், இரண்டு கார், பின்னால் ஒரு குளிர்பெட்டி என்று கணக்கும் போட்டிருப்பீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஒரு வாரத்தை ஆகஸ்டிலிருந்து எடுத்து, அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு வரும் அரைப்பருவ விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிருமே என்பீர்கள். குளிரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆகஸ்டில் அந்த ஆறு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். வேல்ஸ் மலையில் ப்ளின்லிமன் சரிவில் பிறந்து, ஹே, ஹெரெஃபோர்ட், ராஸ், சைமன்ஸ் யாட் வழியாக ஓடி, செப்ஸ்டோவைத் தாண்டி செவர்னில் கலக்கிறது வை. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓட்டம். கோடையில் மழை குறைந்தால் பல இடங்களில் முழங்காலளவுத் தண்ணீர்தான் இருக்கும். வெயில் நேராகக் கல்லில் விழும், தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீரில் பிராணவாயு நிற்காது என்பது பள்ளியில் படித்ததுதான். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9 ஆகிறது, 25 டிகிரியில் 8க்குக் கொஞ்சம் மேல்.

இதோடு கோழியும் சேர்ந்துகொள்கிறது. வை நதிப் படுகையில் எந்த நேரத்திலும் சுமார் 2 கோடிக் கோழிகள் வளர்வதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவற்றின் எச்சம் உரமாக வயல்களுக்குப் போகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ் முழுவதையும் பயிர் உறிஞ்சுவதில்லை. மிச்சம் மண்ணில் சேர்ந்து, மழையோடு ஆற்றுக்கு வருகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வருவதும் கூடும்போது பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகிறது. அடியில் வெளிச்சம் விழுவதில்லை. முன்பு கோடை தொடங்கும்போது ஆறு முழுக்க வெள்ளைப் பூ பூத்துக் கிடந்த ரனன்குலஸ் என்ற நீர்க்கொடி பெருமளவு அழிந்துபோனது. குஞ்சு மீன்கள் ஒளிந்து வளர்ந்ததெல்லாம் அதற்குள்தான். 2023இல் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து இந்த ஆற்றின் நிலையை ‘மோசம், இன்னும் சரிகிறது’ என்ற படிக்கு இறக்கியது. (நாம் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சுடுகிற கோழி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை உறையைத் திருப்பிப் பாருங்கள். நானும் சாப்பிடுகிறவன்தான், சும்மா சொல்கிறேன்.)

பாசியும் செடியும் பகலில் பிராணவாயுவை விடும், இரவெல்லாம் அதை இழுக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் பிராணவாயு ஆகக் குறைவாக இருக்கும். நாம் அலாரம் வைத்து எழுந்து தூண்டில் போடப் போவதும் அதே நேரத்தில்தான்.

இனி பார்பெல். நம்மில் பெரும்பாலானோர் வைக்கு வருவதே இந்த மீனுக்காக. கெண்டைக் குடும்பம், வாயோரம் நான்கு மீசை, தரையோடு படிந்து கல்லுக்கடியில் இரை தேடும். தூண்டிலில் மாட்டினால் கடைசித் துளி பலம் வரைக்கும் இழுக்கும், பாதியில் விட்டுக்கொடுக்காது. அதுதான் நமக்குப் பிடிக்கிறது, அதுவே அதற்கு எமனாகவும் ஆகிறது. மூச்சுக்கே திணறும் தண்ணீரில் அப்படி இழுத்த மீனைக் கரையேற்றி, ஒரு படம், அண்ணனோடு ஒரு படம், பிள்ளைகளோடு ஒரு படம் என்று எடுத்த பிறகு தண்ணீரில் விட்டால் அது நீந்திப் போவது போலத்தான் தெரியும். கொஞ்ச தூரம் போனதும், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வயிறு மேலே தெரியப் புரண்டு மிதக்கலாம். விடுவதற்கு முன் நீரோட்டத்தைப் பார்த்தபடி நிமிர்த்திப் பிடித்து, அது தானாகக் கையை உதறிப் போகும் வரை காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அப்படிக் காத்திருந்தும் சில மீன் பிழைப்பதில்லை.

சால்மன் பிடிப்பவர்களிடம் இதற்கொரு வழக்கம் உண்டு. தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலை மடக்கிவிட வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். பார்பெல் சால்மனைவிடச் சூடு தாங்கும், உண்மைதான். அதற்காக அதை அடுப்பு வரை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டுமா?

“பார்பெல் இந்த ஆற்று மீனே இல்லையே, யாரோ கொண்டுவந்து விட்டதுதானே” என்று ஒருவர் கேட்பார். வாஸ்தவம். இங்கிலாந்தில் கிழக்கே ஓடும் ஆறுகள்தான் அதன் சொந்த இடம். பக்கத்துச் செவர்னுக்கே 1956இல்தான் கென்னட் ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் அந்த மீனைப் பிடிக்க இவ்வளவு தூரம் கார் ஓட்டி வருகிறவர் அந்த வாதத்தை எடுப்பது நன்றாக இல்லை.

சரி, அக்டோபருக்கு வருவோம். மழை தொடங்கியிருக்கும். தண்ணீர் ஏறி, ஆறித் தெளிந்திருக்கும், அல்லது தேநீர் நிறத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். தென்மேற்குக் காற்றோடு மழை பெய்து, கலங்கிய தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி சூடேறும் நாள்தான் பார்பெல்லுக்கு நல்ல நாள் என்று இந்த ஆற்றில் பழகிய எவரும் சொல்வார். கோடை முழுக்கத் தின்ற மீன் எடையேறியிருக்கும். பார்பெல் வராவிட்டாலும் சப் என்ற மீன் வரும். அது குளிர்காலம் முழுக்க இரையெடுக்கும், ரொட்டித் துண்டே போதும். பைக் மீன் பிடிக்கவும் அப்போதுதான் பருவம் தொடங்குகிறது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பார்பெல் அந்தி மங்கும்போதுதான் நன்றாக இரையெடுக்கும். ஆகஸ்டில் அந்தி மங்க இரவு ஒன்பதாகிறது, பிள்ளைகள் அதற்குள் தூக்கத்துக்கு அழத் தொடங்கிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். பிள்ளைகளும் மீனைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டில் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வெயில்காலப் படகுக் கூட்டமும் இருக்காது. ஹே ஊருக்குக் கீழே படகு விட எல்லோருக்கும் உரிமை இருப்பதால், ஆகஸ்ட் பகலில் தங்கூசிக்கு மேலே வரிசையாகக் கனூ போய்க்கொண்டே இருப்பது உங்களுக்கே தெரியும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வேல்ஸ் மலையில் பெய்த மழை அடுத்த நாள் இங்கே வந்து சேரும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். ஆற்று மட்டத்தை அரசு இணையத்தில் போடுகிறது, காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். செங்குத்துக் கரையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். நீர் மரத்தடி வரை வந்துவிட்டால் அன்றைக்குத் தூண்டிலை மறந்துவிட்டு ஹே ஊரில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றலாம்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான், புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 13 வயதானால் தூண்டில் உரிமம் வேண்டும். 16 வயது வரை அது இலவசம், ஆனாலும் எடுத்தாக வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த மீன்களைப் பிடிக்கத் தடை. சமையலுக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கரைக்கு உரியவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. விலாங்கு மாட்டினால் உயிரோடு திருப்பி விட்டே ஆக வேண்டும். பார்பெல்லின் சினை விஷம், வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்னால் பில்லிங்ஸ்கேட் சந்தைக்குப் போய் வாங்கிக் குளிர்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டியாகிவிட்டது, ஆகஸ்டை மாற்ற வழியில்லை என்றால் ஒரு வெப்பமானி வாங்கி வாருங்கள். தூண்டிலை எடுப்பதற்கு முன் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 20 காட்டினால் நீங்களும் ஒரு கனூ எடுத்துக்கொண்டு சைமன்ஸ் யாட் பக்கம் இறங்கிப் போங்கள்.

மாற்ற முடிகிறவர்களுக்கு: அரைப்பருவ விடுமுறை எல்லா ஊர்ப் பள்ளிகளுக்கும் ஒரே வாரத்தில் வராது. மூன்று குடும்பத்தின் பள்ளித் தேதிகளையும் ஒத்துப் பார்த்த பிறகே வீட்டுக்குப் பணம் கட்டுங்கள். ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால், மீன்பிடி அனுமதிச் சீட்டையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹெரெஃபோர்ட்ஷயரில் வசிக்கும் ஒரு தூண்டில்காரன்