கெத்தை இறக்கத்தில் அறுந்த க்ளட்ச் வயர்

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ போன் பண்ணியபோது, வீட்டுக்கு வந்து விவரமா எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன் இல்லையா, இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. அம்மா எப்படி இருக்கிறார்கள்? கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பேப்பர் படிக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள், கேட்டு ரொம்ப சந்தோஷம்.

பைக்கில் திருநெல்வேலியிலிருந்து நீலகிரி போய்த் திரும்பி வர ஆறு நாள் ஆனது. மீட்டரில் 1,060 கிலோமீட்டர். முதல் நாள் மட்டும் மேட்டுப்பாளையம் வரை 400க்கு மேல். ஆடி மாசம் என்பதால் தாராபுரம் பக்கம் காற்று சும்மா விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அது, சுற்றி நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். எதிரே லாரி வந்து கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்றுபோகும், வண்டி தானாக லாரிப் பக்கம் சாயும், லாரி போனதும் மறுபடி ஓங்கி அடிக்கும். 50க்கு மேல் போகவே இல்லை. கையை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு ஓட்டினால் வண்டி தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, இதை அன்றைக்குத்தான் கற்றேன்.

கோத்தகிரி வழியாக ஏறி ஊட்டியில் ஒரு ராத்திரி. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் நம் கார்புரேட்டர் வண்டி மூச்சு வாங்கியது, மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேட்டை இரண்டாவதில்தான் ஏறியது. அங்கேதான் க்ளட்ச்சும் கனக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழ மறுத்தது. குளிரில் கை விறைத்திருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். லிவரைத் தூக்கி ஒரு தடவை பார்த்திருக்கலாம் மாப்ள, இரண்டு நிமிஷ வேலை.

ஊட்டியிலிருந்து மஞ்சூர் போனேன். நீ அவசியம் பார்க்க வேண்டிய ஊர். கூட்டம் கிடையாது, தேயிலைக்கு நடுவே ஹட்டி என்று சொல்கிற படுகர் கிராமங்கள், மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா நீர்மின் திட்டம் இந்தப் பக்கம்தான். ஒரே தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்குகிறது, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கடைசியில் பில்லூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிதண்ணீராகவும் போகிறது. சரிவில் இறங்குகிற அந்த ராட்சசக் குழாய்களை ஓரமாக நின்று ரொம்ப நேரம் பார்த்தேன்.

திரும்புவதற்கு மஞ்சூரிலிருந்து கெத்தை, வெள்ளியங்காடு, காரமடை பாதையைப் பிடித்தேன். 43 கொண்டை ஊசி வளைவு, முழுக்கக் காடு, செல்போன் டவர் கிடையாது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஒரு வளைவில் கியரைக் குறைக்க க்ளட்ச்சை அழுத்தினேன், டப் என்று ஒரு சத்தம், லிவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரங்கட்டி லிவரைப் பார்த்தால், முனையில் இருக்கிற குண்டு மட்டும் கொக்கியில் தங்கியிருக்கிறது, வயர் தனியாக வந்துவிட்டது. நாலைந்து இழை புதிதாக அறுந்து பளபளவென்று மின்னியது, மற்றதெல்லாம் கறுத்துத் துருப்பிடித்திருந்தது. அதாவது அது ஒவ்வொரு இழையாக எத்தனையோ நாளாக அறுந்துகொண்டே இருந்திருக்கிறது, கடைசி நாலைந்து இழையில்தான் நான் ஊட்டியையே சுற்றியிருக்கிறேன்.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம் என்பதுதான். உடனே 97-ல் கொடைக்கானலிலிருந்து நாம் இறங்கியது ஞாபகம் வந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பெருமாள்மலையிலிருந்து இன்ஜினை அணைத்துவிட்டு வந்தோமே, டம்டம் பாறை பக்கம் பிரேக் கருகிய நாற்றம் அடித்தது, அப்புறம் மிதிக்க மிதிக்கப் பிரேக் பிடிக்கவே இல்லை. நீ பின்னால் உட்கார்ந்து செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினாய். டிரம் சூடாகிவிட்டால் லைனிங் பிடிப்பை இழந்துவிடும் என்பது பாலிடெக்னிக்கில் படித்ததுதான், ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. உன் குதிகாலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா?

அதனால் கியரில்தான் இறங்குவது என்று முடிவு செய்தேன். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வார்களே, அதுதான். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, சரிவில் நாலடி உருளவிட்டு, முதல் கியரை மிதித்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துகிற அதே கணத்தில் இரண்டாவது கியருக்குத் தூக்கினேன், வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்புறம் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், மீதியை இன்ஜினே தாங்கிக்கொண்டது. ஒரே ஒரு கஷ்டம், நின்றால் இன்ஜின் அணைந்துவிடும்.

நிற்க வேண்டி வந்தது. ஏழெட்டு வளைவு தாண்டியதும் ரோட்டில் ஆவி பறக்கிற சாணம், அதைத் தாண்டி நூறு அடியில் யானை. இரண்டு பெரியது, நடுவில் ஒரு குட்டி. பிரேக்கை மிதித்ததும் இன்ஜின் அணைந்தது. திருப்பவும் முடியாது, மேட்டில் தள்ளவும் முடியாது. மூங்கில் முறிகிற சத்தமும் அதுகள் மூச்சு விடுகிற சத்தமும் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பயந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. கூட யாராவது இருந்தால் "என்னடா பண்ணலாம்" என்று கேட்டிருப்பேன், கேட்க ஆளில்லை என்றதும் மனசு ஒரு விதமாக அமைதியானது, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிஷம் கழித்து மஞ்சூரிலிருந்து பஸ் வந்து என் பின்னால் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, லைட் போடவில்லை, இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக "அதுங்க தண்ணிக்குப் போவுதுங்க, தானா போயிரும்" என்று மெதுவாகச் சொன்னார். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. கடைசியாகக் குட்டியை முன்னே விட்டுத் தாய் சரிவில் இறங்கியது. பிறகு விஷயத்தைச் சொன்னதும் அவர் லிவரைப் பார்த்துவிட்டு, "நான் முன்னாடி போறேன், என் பின் டயரைப் பார்த்துக்கிட்டே வாங்க, நான் பிரேக் போடாத இடத்துல நீங்களும் போடாதீங்க" என்றார். அப்படியே செய்தேன். வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கே தொடாமல் திருப்பினார். கீழேயிருந்து ஏறி வந்த வண்டிக்கெல்லாம் ஒதுங்கி நின்று வழி விட்டார், ஒவ்வொரு முறையும் நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணி வருகிறேனா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் வளைவு திரும்ப எனக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது அந்த மனிதர்தான். பேர்கூடக் கேட்கவில்லை, அதுதான் மனசைக் குடைகிறது.

வெள்ளியங்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வயர் மாற்றினேன். அந்தத் தம்பி பழைய வயரைக் கையில் கொடுத்து, "அண்ணே, தூரம் போறப்ப புது வயர் ஒண்ணைப் பழசோடயே ஓடவிட்டு டேப் சுத்திருங்க, அறுந்தா முனையை மாத்திப் போட்டாப் போதும்" என்றான். நீ பல வருஷம் முன்னாடியே சொன்ன அதே வார்த்தை.

நேற்று இரண்டு வயர் வாங்கினேன். ஒன்று என் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. இன்னொன்று உன் பழைய வண்டிக்கு, அளவு சரிபார்த்துத்தான் வாங்கினேன். பொங்கலுக்கு வருகிறாய்தானே, லீவு சொல்லிவிட்டால் எனக்கு ஒரு வரி எழுது. மஞ்சூர் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று விசாரித்து வைக்கிறேன், இந்த முறை அவர் பேரைக் கேட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ள